ஏற்காட்டில் களி சாப்பிட்ட நடுவர்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள், மலை விளிம்பில் நின்று கீழே சேலத்தைப் பார்ப்பார்கள், மிளகும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். நான் போனது ஓர் ஓடையைப் பார்க்க. அதையும் யாரோடும் தனியாகப் பேசாமல், யார் கொடுப்பதையும் வாங்கிச் சாப்பிடாமல் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது ஏற்பாடு. பேசாமல் இருந்துவிட்டேன், ஏறக்குறைய. சாப்பாட்டு விஷயத்தில்தான் கோட்டை விட்டேன்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டுக் கம்பெனியும் இன்னொரு நாட்டுக் கம்பெனியும், சில சமயம் ஒரு கம்பெனியும் ஓர் அரசாங்கமும் மோதிக்கொண்டால், அடுத்தவர் ஊர்க் கோர்ட்டுக்குப் போக இருவருக்குமே மனம் வராது. பொதுவாக ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறோம் என்பார்கள். அப்படி உட்காருகிறவர் நடுவர். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். பெரிய நடுவர்களுக்குப் பல வருடம் குறிப்பெடுத்துக் கொடுத்தேன். பிறகு மூவர் குழுக்களில் ஓரத்து நாற்காலி கிடைத்தது. தனி நடுவராக என்னை நியமித்த முதல் வழக்கு இதுதான்.

தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது. இரண்டு தரப்பும் சம்மதம் கொடுத்த பிறகே இதை எழுதுகிறேன், பெயர்களை மாற்றியிருக்கிறேன். யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஓர் ஐரோப்பியக் கம்பெனி ஏற்காட்டை அடுத்த நாகலூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து, காப்பிப் பழத்தைத் தோல் நீக்கிக் கழுவும் ஆலை கட்டியது. வருடம் முழுக்க ஓடையில் தண்ணீர் வரும் என்று சொன்னீர்கள், வரவில்லை என்பது கம்பெனியின் கட்சி. தண்ணீர் வந்தது, நீங்கள்தான் ஆலையைத் தப்பான இடத்தில் கட்டினீர்கள் என்பது எஸ்டேட்டின் கட்சி. இரு பக்கமும் அனுப்பிய படங்களில் ஒரே ஓடை ஒன்றில் காய்ந்து கிடந்தது, இன்னொன்றில் பொங்கி ஓடியது. நேரில் வந்து பார்த்துவிடுகிறேன் என்று சொன்னேன்.

கம்பெனிக்கு வக்கீல் ஹென்ரிக். நெடுநெடுவென்று உயரம், எதையும் இரண்டு தடவை யோசிக்கிறவர். எஸ்டேட்டுக்குச் சென்னையிலிருந்து வாசுகி. இருவரும் சேர்ந்து, நான் இங்கே எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று விதிகள் வகுத்திருந்தார்கள். ஒரு தரப்பு இல்லாதபோது இன்னொரு தரப்போடு பேசக்கூடாது, சாட்சிகளோடு நிச்சயமாகக் கூடாது. ஒரே காரில் ஏறக்கூடாது. யாருடைய உபசாரமும் கூடாது. கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு டம்ளர் காப்பி போதும், நடுவர் அவர்கள் பக்கத்து ஆள் என்று தோற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

சேலத்திலிருந்து மூன்று கார்கள் வரிசையாக மலை ஏறின. என் காரை ஓட்டியவர் சேகர், இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாத வாடகை வண்டிக்காரர். முதல் வளைவிலேயே ஆரம்பித்தார்.

"ஏனுங்க மேடம், தங்குறது ஒரே ஓட்டலு. போறது ஒரே எடம். எதுக்குங்க மூணு வண்டி?"

"நான் நடுவர். அவர்களோடு சேர்ந்து போகக்கூடாது."

"நடுவருங்களா? பட்டிமன்றத்துக்குங்களா? எந்த டிவில போடுவாங்க?"

விளக்கி முடிப்பதற்குள் பாதி மலை ஏறிவிட்டோம். எங்கள் ஊரில் நாங்கள் மலை என்று பெருமையாகச் சொல்வதை இங்கே மேடு என்றுகூட ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஒரு வளைவில் இன்ஜின் சூடேறி வண்டி நின்றது. காற்று வாங்க இறங்கிய இரண்டு நிமிடத்தில், திறந்திருந்த கதவு வழியாக ஒரு குரங்கு உள்ளே போய், யார் உபசாரமும் வேண்டாமென்று நான் சிங்கப்பூரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்த பிஸ்கட்டுகளை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. சேகர் கல்லை எடுத்துக் காட்டினார். அது மதில்மேல் உட்கார்ந்து நிதானமாகப் பாக்கெட்டைப் பிரித்தது. என் நடுநிலைமையின் பாதி அங்கேயே போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது.

அன்று ராத்திரி ஓட்டல் சாப்பாட்டு அறையில் நான் ஒரு மூலை, ஹென்ரிக் ஒரு மூலை, வாசுகி ஒரு மூலை. மூவரும் ஒன்றாக வந்திறங்கியதைப் பார்த்திருந்த பரிமாறுகிறவர், தோசையை வைத்துவிட்டுக் குனிந்து, "குடும்பத்துல ஏதாச்சும் மனஸ்தாபமுங்களா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். "பேசிடுங்க மேடம், மனசுல வெச்சிக்காதீங்க," என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினார்.

மறுநாள் ஆலையைப் பார்த்தோம். பனி இறங்கிய காப்பித் தோட்டத்துக்கு நடுவில், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்க, அந்த ஆலை மட்டும் பூட்டிக் கிடந்தது. மதியம் எஸ்டேட் மேனேஜர் பந்தலே போட்டு இலை விரித்திருந்தார். கோழிக் குழம்பு வாசனை தோட்டம் முழுக்க வந்தது. மன்னிக்கவேண்டும் என்று கைகூப்பினேன். வாசுகிக்கும் தர்மசங்கடம், அவரும் சாப்பிடவில்லை. ஹென்ரிக் தன் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, காருக்குப் பின்னால் போய் நின்று உரித்துத் தின்றார்.

நாகலூர்க் கடைத்தெருவில் காசு கொடுத்துச் சாப்பிடலாமே என்று டீக்கடை முன் இறங்கினேன். டீயும் வடையும் வந்தன. பணத்தை நீட்டியதும் கடைக்காரர் இரண்டடி பின்னால் போனார்.

"எஸ்டேட் கேசுக்கு வந்திருக்கிற அம்மாதானுங்களே? உங்ககிட்டக் காசு வாங்குனா நல்லாவாங்க இருக்கும்?"

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றேன். முடியவே முடியாது என்றார். வடையை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் காரில் ஏறினேன். அந்த வடையின் மேல்தோல் எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தது என்பதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சிங்கப்பூர்க்காரிக்கு மழை புதிதில்லை. ஆனால் எங்கள் ஊர் மழை பெய்துவிட்டுப் போய்விடும், இது உட்கார்ந்து பெய்தது. வக்கீல்கள் இருவரின் கார்களும் முன்னால் போய்விட்டன. இடைவெளி விட்டு வந்த எங்களுக்கு முன்னால் ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ரோட்டோரத்தில் ஓடு போட்ட சின்ன வீடு. வாசலில் நின்ற பெண்மணி கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"வாங்க வாங்க, உள்ள வாங்க. மரத்தை அறுக்க ஆளு வர நொம்ப நேரமாகுமுங்க. வண்டிக்குள்ள உக்காந்து என்ன பண்றீங்க?"

என் தொழிற்புத்தி முழுதாகத் தூங்கிவிடவில்லை. படியேறுவதற்கு முன் கேட்டேன். "நீங்கள் எஸ்டேட்டில் வேலை செய்கிறீர்களா?"

"நானுங்களா? இல்லீங்க. சொந்தக் காடு கொஞ்சம் இருக்குதுங்க. மொளகு, காப்பி, கொஞ்சம் ராகி. அதைப் பாக்கவே நேரம் பத்தலீங்க."

திருப்தியாக உள்ளே போனேன். சாட்சிகளைக் கேள்வி கேட்டே பிழைப்பு நடத்துகிறவள், 'உங்கள் வீட்டில் வேறு யாராவது?' என்று கேட்கத் தோன்றாமல் போனேனே, அதைப் பசி என்றுதான் சொல்லவேண்டும்.

அவள் பெயர் பூங்கொடி. தட்டில் ஓர் உருண்டை ராகிக் களி, நடுவில் குழி செய்து அவரைக்கொட்டைக் குழம்பு, ஓரத்தில் கீரைக் கடைசல். மென்று சாப்பிடப் பார்த்தேன். "மெல்லாதீங்க, அப்படியே முழுங்கோணும்," என்று சொல்லிக் கொடுத்தாள். சேகர் எனக்கு எதிரில் உட்கார்ந்து செய்து காட்டினார். சூடாக நெஞ்சில் இறங்கியது. இரண்டு நாளில் முதல் தடவையாக எனக்கு உயிர் வந்தது. இன்னோர் உருண்டை கிடைக்குமா என்று நானே கேட்டு வாங்கினேன். அவளுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

இரண்டாவது உருண்டையில் பாதி இருக்கும்போது, யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் வாசலுக்கு வந்தார்.

"எங்கூட்டுக்காரரு வந்துட்டாருங்க," என்றாள் பூங்கொடி. "எஸ்டேட்ல ரைட்டருங்க. ஓடைத் தண்ணியெல்லாம் அளக்குறது இவருதானுங்க."

எடுத்த களியைத் தட்டிலேயே வைத்தேன். எஸ்டேட்டின் முக்கியச் சாட்சி, கணக்கெழுதும் ரைட்டர் செல்லமுத்து. அவருடைய வாக்குமூலத்தை எத்தனை தடவை படித்திருக்கிறேன். மறுநாள் எனக்கு ஓடையைக் காட்டப்போவது இவர்தான்.

அவரும் என்னை அடையாளம் கண்டுவிட்டார். பகலில் ஆலையில் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். வாய் ஏதோ சொல்லத் திறந்தது, மூடிக்கொண்டது. காலை வாசற்படியில் வைத்தவர், பாம்பை மிதித்தவர்போல் பின்னால் எடுத்தார். திரும்பி மழைக்குள் நடந்து மாட்டுக் கொட்டாய்க்குள் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, என்ன ஆச்சுங்க உங்களுக்கு?" என்று பூங்கொடி கத்தினாள்.

"வக்கீலம்மா சொல்லியிருக்காங்க புள்ள," என்று அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "அந்தம்மாகூட ஒரு வார்த்தை பேசிட்டாலும் கேசே போயிருமாம்."

நான் எழுந்து கையைக் கழுவினேன். அவருடைய வீட்டில் அவர் வெளியே, நான் உள்ளே என்றால் அது எந்த நியாயம்? நானும் வெளியே போனேன். கொட்டாய் கூரை முழுதும் ஒழுகியது, அவர் நனைந்தார். நான் வாசல் கொய்யா மரத்தடியில் நின்று நனைந்தேன். சேகர் குடை பிடிக்க வந்தார், வேண்டாமென்றேன். எதற்கு வேண்டாமென்றேன் என்று எனக்கே தெரியாது. பூங்கொடி வாசற்படியில் நின்று ஒரு தரம் கொட்டாயைப் பார்த்தாள், ஒரு தரம் கொய்யாவைப் பார்த்தாள்.

"அவரும் வெளிய, நீங்களும் வெளிய. நான் மட்டும் உள்ள உக்காந்து என்னங்க பண்றது?" என்றாள். மரத்தை அறுத்துத் தள்ளும்வரை அப்படியே நின்றோம்.

ஓட்டலுக்கு வந்து ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டேன். குளிர் பாதி, பயம் பாதி. இதை மறைக்க முடியாது, மறைக்கிற ஆளும் இல்லை நான். சொன்னால் ஹென்ரிக் என்னை நீக்கச் சொல்லலாம், அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. எங்கள் தொழில் உலகம் முழுக்கப் பரவியிருந்தாலும் ஒரு தெரு அளவுதான். முதல் தனி வழக்கிலேயே சாட்சி வீட்டில் சாப்பிட்டு நீக்கப்பட்டவள் என்ற பேச்சு லண்டனுக்கும் பாரிசுக்கும் என் விமானத்துக்கு முன்னால் போய்விடும். அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? பழையபடி யாருக்காவது குறிப்பெடுக்க வேண்டியதுதான். அழுகையே வந்தது.

காலையில் இரண்டு வக்கீல்களையும் ஒன்றாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வாசுகி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஹென்ரிக் பேனாவைத் திறந்தார்.

"களி என்றால் என்ன?"

"கேழ்வரகு மாவைக் கிளறி உருட்டியது."

"எத்தனை?"

"இரண்டு. இரண்டாவதில் பாதிதான்."

"அவர்களாக வைத்ததா?"

"முதலாவது அவர்களாக வைத்தது. இரண்டாவதை நான் கேட்டு வாங்கினேன்."

அவர் அதை எழுதி, அடியில் கோடு போட்டார். கட்சிக்காரரிடம் பேசவேண்டும், அந்த வீட்டுக்கும் போய் விசாரிக்கவேண்டும், அதுவரை எதுவும் சொல்ல முடியாது என்றார். வாசுகியையும், தனக்காகச் சேலத்திலிருந்து வந்திருந்த மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சேகரையும் விசாரிக்கவேண்டுமென்று அழைத்துப் போய்விட்டார்கள். நடுவரிடம் வண்டியும் இல்லை.

ஏரிக்கரைக்கு நடந்து போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கல்யாணமாகிப் புதிதாக வந்த ஜோடி ஒன்று மிதிபடகில் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. "நீங்க அந்தப் பக்கம் மிதிக்கிறீங்க, நான் இந்தப் பக்கம் மிதிக்கிறேன், எங்கிருந்துங்க போகும்?" என்றாள் அந்தப் பெண். பக்கத்தில் மிளகாய்பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். பசி இருந்தது, வாங்கப் பிடிக்கவில்லை. எனக்குத் தும்மல் வேறு ஆரம்பித்திருந்தது. ராஜினாமா செய்துவிடுகிறேன் என்று நானே முந்திக்கொள்ளலாமா என்று யோசித்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

வெயில் ஏறியபின் வக்கீல்கள் இருவரும் மொழிபெயர்ப்பாளரும் ஏரிக்கரைக்கே வந்தார்கள். ஹென்ரிக் என் முன்னால் நின்றார்.

"அந்த வீட்டு அம்மாள், அவர் கணவர், உங்கள் ஓட்டுநர், மூவரையும் தனித்தனியாகக் கேட்டேன். நீங்கள் மரத்தடியிலும் அவர் மாட்டுக் கொட்டகையிலும் நின்று முழுக்க நனைந்தீர்கள், ஒரு வார்த்தை பேசவில்லை என்று மூவரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்."

"ஆமாம்."

"இவ்வளவு அசட்டுத்தனமான கதையை யாரும் இட்டுக்கட்ட முடியாது. என் கட்சிக்காரருக்கு ஆட்சேபணை இல்லை. நீங்களே நடுவராக இருக்கவேண்டும் என்கிறார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி என்று சொன்னதாக நினைவு. நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. ஹென்ரிக் போகாமல் நின்றார். முகம் லேசாகச் சிவந்தது.

"இன்னொன்று. என் பக்கமும் ஒன்றைத் தெரிவிக்கவேண்டியிருக்கிறது. விசாரிக்கப் போன இடத்தில் அந்த அம்மாள் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. வாசுகிக்கும் கொடுத்தார்கள், எனக்கும் கொடுத்தார்கள்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "நான் இரண்டாவது கேட்கவில்லை."

வாசுகி விழுந்து விழுந்து சிரித்தார். மூன்று நாளில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். விதிப்படி தப்பில்லை, இரண்டு தரப்பாரும் இருந்தார்கள். நான் பஜ்ஜிக் கடைக்குப் போய், கடைக்காரர் மறுபேச்சின்றிக் காசை வாங்கிப் பெட்டியில் போட்டதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, நாலு பஜ்ஜி தின்றேன்.

பிற்பகலில் ஓடைக்குப் போனோம். செல்லமுத்து வெள்ளை வேட்டி கட்டி, தலையில் துண்டோடு காத்திருந்தார். அவருக்கும் தும்மல். என் கழுத்தில் குரல்பதிவுக் கருவி தொங்கியது. நான் கேட்டேன், அவர் காட்டினார். தண்ணீர் எந்த மாதம் எந்தப் பாறைவரை வரும், எங்கே ஆலைக்குக் குழாய் பிரிகிறது, எல்லாம். வாசுகி பார்த்துக்கொண்டே வந்தார். ஹென்ரிக் குறுக்கிட்டுக் கடினமான கேள்விகள் கேட்டார். சிலவற்றுக்கு அவரிடம் பதில் இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. எந்த இடத்திலும் அவர் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. நேற்றைய பயம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்ததும், எந்தச் சாட்சியிடமும் கடைசியாகக் கேட்பதைக் கேட்டேன். "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" பெரும்பாலும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அவர் வாசுகியைப் பார்த்தார், ஹென்ரிக்கைப் பார்த்தார்.

"ரெண்டு வக்கீலும் இருக்காங்க. இப்ப பேசலாமுங்களா?"

"பேசலாம்."

தலைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, என்னை நேராகப் பார்த்துக் கைகூப்பினார்.

"நேத்து எங்கூட்டுக்கு வந்தீங்க. ஊட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்காம முதுகைக் காட்டிட்டு நின்னுட்டேனுங்க. கேசு எப்படியோ போகட்டும். எங்கூட்ல யாரும் அப்படிப் பண்ணதில்லீங்க. ராத்திரி பூரா தூக்கமில்லீங்க." மூச்சை இழுத்துக்கொண்டார். "வாங்க."

மொழிபெயர்ப்பாளர் மெதுவாக ஹென்ரிக்கிடம் சொல்லி முடித்தார். வழக்குக்குச் சம்பந்தமில்லாததைப் பதிவிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்கவேண்டியது என் கடமை, கேட்டேன். வாசுகி ஹென்ரிக்கைப் பார்த்தார். ஹென்ரிக்தான் தலையை ஆட்டி, "இருக்கட்டும்," என்றார்.

நானும் கைகூப்பினேன்.

"வந்தேனுங்க," என்றேன்.